மாஸ்டர் தூக்கிய கை

டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்த அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அதிகம். பழக வந்தவன் கிளட்சைப் பட்டென்று விட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். மண்டல சுகாதாரத் திட்டக் குழுவுக்கு மக்கள் பிரதிநிதியை அனுப்பச் சொன்னபோது தெருக்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த வாய்க்காகத்தான்.

மண்டலத்துக்குப் புதிதாக ஒரே ஒரு டயாலிசிஸ் மையம் வரப்போகிறது. அதைத் தங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும். மாஸ்டரின் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பஸ் மாறி மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். திரும்பும்போது படியேறக்கூடத் தெம்பிருக்காது. அம்மா போனபிறகு தம்பியை ஆளாக்கியவள் அவள்.

முதல் கூட்டத்திலேயே முட்டிக்கொண்டது. நீள மேஜையைச் சுற்றி அதிகாரிகள். மாஸ்டருக்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வாயெடுத்ததும் தலைவர் கையமர்த்தினார். "நீங்க கருத்து சொல்லலாம். முடிவு எடுக்கறது நாங்க."

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, டீ குடிக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தகவலே வரவில்லை. அவராகவே போனார், நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதக்கணக்கில் மல்லுக்கு நின்று ஓட்டுரிமை வாங்கினார். இடத்தை முடிவு செய்யுமுன் மக்களை நேரில் கேட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு மலையடிவாரத்து ஆட்களும் வந்தார்கள். கல் உடைக்கும் ஒருவர் எழுந்தார். "எங்க பக்கம் பஸ்ஸே கிடையாது. என் சம்சாரம் வாரத்துக்கு மூணு தடவை வரணும்னாங்க. ஒரு தடவை கூட்டிட்டு வர்றதே பெரும்பாடு. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டா. எனக்கு இனிமே எந்த மையமும் வேணாம். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் அதே நோவு. அதுக்காகத்தான் வந்தேன்."

மாஸ்டர் நிமிரவேயில்லை.

மையம் மாஸ்டரின் பக்கமா, மலையடிவாரமா என்ற ஓட்டெடுப்பில் குழு சரிபாதியாகப் பிரிந்தது. மாஸ்டரின் கை மட்டும் பாக்கி. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மலையடிவாரத்துக்குத் தூக்கினார்.

செய்தி அவருக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. கார் கதவில் ஆணியால் 'துரோகி' என்று கீறியிருந்தார்கள். எதையோ வாங்கிக்கொண்டுதான் கை தூக்கினான் என்று பேச்சு. பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். "கை தூக்கறப்ப என் ஞாபகம் வரலியாடா?"

"வந்துச்சுக்கா. அதான் கடைசியா தூக்கினேன்."

"அதையும் என்கிட்டயே வந்து சொல்றியா? போடா வெளிய."

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு மாஸ்டர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். அவள் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "கூட வந்திருக்கறது யாரும்மா?"

"டிரைவர்," என்றாள் அக்கா.

கதவோரம் நின்றிருந்த மாஸ்டரின் காதில் அது விழுந்தது. அவளுடைய போர்வையை நர்ஸிடம் நீட்டிவிட்டு, வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.