சாஆ குளத்தில் ஒரு வெள்ளைத்தலை வாத்து

காலை 5.20. நாங்கள் இருக்கும் உலு திராமிலிருந்து சாஆ என்ற சிற்றூர் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். எங்கள் பறவை பார்க்கும் குழுவின் வாட்சாப்பில் மூன்று நாளுக்கு முன் ஒரு படம் வந்திருந்தது. எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக் குளத்தில் கறுத்த உடலும் வெள்ளைத் தலையுமாக ஒரு வாத்து. சதுப்புக் காட்டில் வாழும் வெண்சிறகு வாத்து, இந்தப் பக்கம் அற்றுப்போனது என்று நினைத்த பறவை, என்று எழுதியிருந்தார் குழுவை நடத்தும் மணியம். என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. "கண்ணச் சுத்தி தோலு சிவப்பா இருக்குப்பா. இது வீட்டுல வளர்க்கிற மணிலா வாத்துக் கலப்பு" என்றாள். குழுவிலும் அப்படியே எழுதினாள். நேரில் வந்து காட்டச் சொன்னார் அவர்.

7.00. வழியில் யோங் பெங்கில் பசியாறினோம். ரொட்டி சானாய் ஒரு வெள்ளி எண்பது காசு. நிலா பாதியை வைத்துவிட்டாள்.

8.00. சாஆவைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலை. தோட்டத்து வீடு ஒன்றின் வாசலில் காரை நிறுத்திவிட்டு, அந்த வீட்டை ஏறிட்டும் பார்க்காமல் குளத்துக்கு நடந்தோம். மணியம் தொலைநோக்கியுடன் நின்றிருந்தார். வாத்து எதிர்க்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

"நீதானே கலப்புன்னு சொன்ன? கிட்டப் போயி மூஞ்சியப் படம் எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார் மணியம்.

நிலா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் குளத்தைச் சுற்றிப் போக, நான் தொலைநோக்கியில் கைப்பேசியை வைத்துப் படமெடுக்கத் தொடங்கினேன். அதில் கண்ணை வைத்தவனுக்கு வேறு உலகம் கிடையாது. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. எங்கோ செம்பனைக் குலை விழுகிறது என்று நினைத்தேன். வாத்து அசையவில்லை. காட்டு வாத்தாக இருந்தால் காலடி கேட்டதுமே பறந்திருக்கும். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இயந்திரம் வைத்துத் தோண்டிய குளம். கரையோரமே ஆளாழம். அதில் விழுந்த நிலாவுக்கு நீச்சல் தெரியாது. குலை வெட்டும் நீளக் கழியோடு ஓடி வந்து அவளைப் பிடித்து இழுத்தவர் நாங்கள் பார்க்காமல் கடந்துபோன அந்த வீட்டுப் பெண், கன்னியம்மா. அவர் போட்ட கூச்சல் கேட்டு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கரையில் சேற்றைக் கக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே வந்த மணியம் கேட்டார்: "மூஞ்சி கிடைச்சிச்சா?"

நான் அவருக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

துண்டால் நிலாவைப் போர்த்திக்கொண்டே, எதைப் படம் பிடிக்க வந்தோம் என்று விசாரித்தார் கன்னியம்மா. சொன்னதும் வீட்டிலிருந்து பழைய சோறு கொண்டுவந்து வீசினார். வாத்து நேராக எங்கள் காலடிக்கு வந்தது. கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல்.

"இது நம்ம வாத்துங்க. அப்பன் மணிலா, ஆத்தா நாட்டு வாத்து. முட்டையே வைக்காது. மூனு நாளா காரு காரா வந்து நிக்கிறாங்க, ஒருத்தரும் கேக்கலயே லா."

நிலா நடுங்கிக்கொண்டே அதன் முகத்தைப் பார்த்தாள்.

பிற்பகல் 1.15. வீடு. குழுவில் மணியத்தின் செய்தி வந்திருந்தது: "சாஆ வாத்து வளர்ப்புக் கலப்பினம். நேரில் சென்று உறுதி செய்தேன்." நிலா பெயர் இல்லை, கன்னியம்மா பெயரும் இல்லை. நான் குழுவை விட்டு வெளியேறினேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

மணியத்தை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் கைப்பேசியில் பத்துப் படங்கள் இருக்கின்றன. ஒன்பதாவதில் வாத்துக்குப் பின்னால், மங்கலாக, கரையோரக் கோரைப்புல்லைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிகிறது. அதற்குப் பிறகும் ஒன்று எடுத்திருக்கிறேன். அதில் வாத்து மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.