ஓடுற மாட்டைச் சொல்லு

மாட்டுவண்டில் சவாரித் திடலில் கொடி விழுவதற்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வண்டில் பூட்டிய இரண்டு சோடி மாடுகள் கோட்டில் நிற்கும். சனம் தொண்டை கிழியக் கத்தும். மைக்கைப் பிடித்திருக்கும் என் சின்ன மாமா மட்டும் கத்தமாட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவரோடு கதைப்பதுபோல, “இடப்பக்கம் சிவலையும் வெள்ளையனும். வலப்பக்கம் ரெண்டும் கறுவல். வெள்ளையன் தலையை ஆட்டுது, இன்னும் அடங்கேல்லை” என்பார். பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கும் அப்பா உடனே முன்னுக்குக் குனிவார். சிவலையும் வெள்ளையனும் எங்கள் மாடுகள். கடைசிச் சண்டையில் ஷெல் பட்டு இரண்டு கண்ணும் போன என் அப்பா, கன்றிலிருந்து கையால் தடவித் தடவி வளர்த்த நாம்பன்கள். ஓட்டுகிறவன் என் தம்பி. அப்பாவுக்குத் திடல் தெரிவதெல்லாம் மாமாவின் வாயால்தான்.

நல்ல அறிவிப்பு எது என்று என்னைக் கேட்டால் ஒரே பதில்தான். பார்க்க முடியாத ஒருவருக்குத் திடல் தெரியவேண்டும். மற்றதெல்லாம் வாய்ச்சவடால். மாமா மற்ற நாட்களில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, புதுக்குடியிருப்பிலிருந்து தண்ணீரூற்று வரைக்கும் மரண அறிவித்தல் சொல்லித் திரிந்தவர். “செத்தவற்ற பேரையும் எடுக்கிற நேரத்தையும் விளங்கச் சொல்லவேணும். அழுகிறதை வீட்டுக்காரர் பாத்துக்கொள்ளுவினம்” என்பார். சவாரிக்கும் அவரிடம் அதே முறைதான். “ஓடுற மாட்டைச் சொல்லு. மாலை போட்டவனைப் பிறகு சொல்லலாம்.” மாடு வெளிக்கிட்டதும் அவர் குரலும் வெளிக்கிடும். பாலை மரத்தடி தாண்டியாச்சு, கறுவல் ஒரு முழம் முன்னுக்கு, சிவலை விடேல்லை, இந்தா வருது, வருது என்று குளம்போடு சேர்ந்து ஏறும். முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் வாயை மூடிவிடுவார். அந்த இடத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

தோல்வியையும் அவர் மூடி மறைக்கமாட்டார். ஒருமுறை எங்கள் சோடி தடம் மாறிச் சனத்துக்குள் பாய்ந்தது. “சிவலை வெளியில இழுத்திட்டுது! வடக்குப் பக்கம் விலத்துங்கோ! தோல்விதான். ஆனா வண்டில் பிரளேல்லை, பெடியன் மேலதான் இருக்கிறான்” என்று ஒரே மூச்சில் சொன்னார். கதிரைக் கையை இறுக்கிப் பிடித்திருந்த அப்பா அதன் பிறகுதான் பிடியை விட்டார். அன்றைக்கு மாமா வேறு எதையாவது பினாத்தியிருந்தால் அப்பாவுக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் சவாரிக் குழு துரத்தியது. நடு ஓட்டத்தில் பிரதம விருந்தினரின் வாகனம் வந்து நின்றது. செயலாளர் ஓடிப்போய், “அண்ணை, ஐயாவை வரவேற்றுச் சொல்லுங்கோ, கெதியாய்” என்று மாமாவின் காதில் குசுகுசுத்தார். மாமா ஒற்றைக் கையால் அவரை விலத்திவிட்டு மாட்டையே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்த பிறகு, “பிரதம விருந்தினர் வந்திருக்கிறார். வந்து கொஞ்ச நேரமாச்சு. மாடு ஓடினபடியாச் சொல்லேல்லை” என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐயாவின் முகம் கறுத்துப்போனது. அடுத்த சவாரிக்கு மாமாவுக்கு அழைப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. போன மாரியில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய மரண அறிவித்தலைச் சொன்னவன் பேரைக்கூடத் தப்பாகச் சொன்னான்.

அவருக்குப் பதிலாக வந்த புதியவரின் தமிழைக் கேட்கவேண்டுமே! விண்ணதிரும் வீரத் திடலாம், பொன்னான பொழுதாம், கடல் கடந்து வாழும் வள்ளல்களாம். கொடி விழுந்து மாடு ஓடிக்கொண்டிருக்கும், இவர் தென்னங்கன்று அன்பளிப்புச் செய்தவரின் தகப்பன் பேரைத் தேடிக்கொண்டிருப்பார். நாக்கு இருக்கிறது, கண் இல்லை. விசர்க் கூத்து!

இந்த வருடம் நெல்லு வெட்டு முடிந்ததும் நடந்த சவாரியில் எங்கள் சோடி ஓடியது. அப்பாவை மேடைக்குப் பக்கத்து நிழலில் இருத்திவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வாளியோடு முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டேன். கொடி விழுந்தது. மேடையில் யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள், ஒலிபெருக்கி அந்தப் பொன்னாடையையே புகழ்ந்துகொண்டிருந்தது. பாலையடியைத் தாண்டி எங்கள் சோடி முன்னுக்கு வந்தது. கோட்டுக்குக் கிட்ட சிவலையின் முன்னங்கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வண்டில் சரிந்து தம்பி தூக்கி எறியப்பட்டான். நல்லகாலம், எழும்பிவிட்டான். சிவலை எழும்பவில்லை. எழும்பப் பார்த்து, பார்த்து, தலையை மண்ணில் போட்டது. வாளியை எறிந்துவிட்டு நான் ஓடும்போது, “விறுவிறுப்பான போட்டி இனிதே நிறைவுற்றது! ஓடிய நான்கு காளைகளுக்கும் பலத்த கரகோஷம்! இன்னும் பலமாக!” என்று ஒலிபெருக்கி கத்தியது. அறுவான், நான்கு காளையாம்! ஒன்று கால் முறிந்து கிடந்து மூச்சு வாங்குகிறது, அதற்கும் கரகோஷமாம்!

எல்லோரும் தூசிக்குள் ஓடி வர, நான் மட்டும் எதிர்ப்பக்கமாக அப்பாவிடம் ஓடினேன். அவரைச் சுற்றியிருந்த கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. மேடையில் இருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒலிபெருக்கி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, வாய் நிறையச் சிரிப்போடு கைதட்டிக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும், “வெண்டிட்டமோ பிள்ளை, எங்கட சோடிதானே முதல்?” என்றார். கை நிற்கவில்லை.

நான் குந்தி அவர் கைகளைப் பிடித்தேன்.

“அப்பா, சிவலை விழுந்திட்டுது. கோட்டுக்குக் கிட்ட வந்துதான் விழுந்தது. முன்னங்கால் முறிஞ்சுபோச்சு, எழும்பேல்லை. தம்பிக்கு ஒண்டுமில்லை. அதின்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறான்.”

ஒலிபெருக்கி இன்னும் பலமாகத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்ப நான் இவ்வளவு நேரமும் கைதட்டினது,” என்று கேட்டார், “அது விழுந்து கிடக்கிற நேரத்திலயோ?”

“ஓம் அப்பா” என்றேன்.