நாய் சொல்லாமல் விட்டது

"பயப்படாம கேளுங்கம்மா. பாப்பா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா." மகளின் தமிழ் டீச்சர் போனில் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். பயப்பட வேண்டாம் என்று யாராவது பேச்சைத் தொடங்கினாலே எனக்குப் பயம் வந்துவிடும். அப்போது திருப்பனந்தாளில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் சிங்கப்பூரில். மகள் ஏழாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

அந்த வாரங்களில் டீச்சர் வகுப்பில் ஒரு சிறுவர் நாவலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தெருநாய் ஒன்று தன் கதையைத் தானே சொல்லும் நாவல். வாசித்ததோடு விட்டுவிடுகிறவர் அல்ல அவர். கதை சொல்கிறவரை நம்பலாமா, எதையாவது மறைக்கிறாரா என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த நாய் பசியைச் சொல்லும், மழையைச் சொல்லும், டீக்கடை வாசலில் விழுந்த பன்னின் வாசனையைக்கூடச் சொல்லும். ஒரு சாயங்காலத்தை மட்டும் அப்படியே தாண்டிப் போய்விடும். அடுத்த பக்கத்தில் தெருவே அதைக் கல்லால் அடித்துத் துரத்தும். ஏன் என்று தெரியவில்லை என்று நாய் சொல்லும். அந்தச் சாயங்காலம் என்ன நடந்திருக்கும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மீனைத் திருடியிருக்கும், யாரோ வீண்பழி போட்டிருப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொல்ல, என் மகள் எழுந்து நின்றிருக்கிறாள்.

"அது யாரையோ கடிச்சிருக்கு டீச்சர். வேணும்னு கடிக்கல. சொன்னா அடிச்சே கொன்னுருவாங்கன்னு மறைக்குது."

நல்ல பதில். வேறு ஒருவர் பாராட்டி உட்காரச் சொல்லியிருப்பார். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்ததையும், ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்ததையும் டீச்சர் கவனித்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்து சாக்ஸை இறக்கச் சொன்னார். இடது கெண்டைக்காலில் பல் பதிந்த காயம், மேலே அப்பிய மஞ்சள். பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் மதகடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. இவள் ஒரு குட்டியைத் தூக்கியிருக்கிறாள். நடந்தது முந்தாநாள். என்னிடம் வேலிமுள் கிழித்துவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

நான் போய்ச் சேரும்போது டீச்சர் குழாயடியில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவரும் வந்தார். சம்பா அறுவடை நேரம். சாலையெங்கும் நெல்லைக் காயப்போட்டிருந்ததால் ஆட்டோ ஊர்ந்தது. ஊருக்கே சோறு போடும் நெல் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மகள் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாயை எதுவும் பண்ண மாட்டாங்கல்ல டீச்சர்?"

மாட்டார்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார். "தெரியலடா. நான் யாரையும் அடிக்கச் சொல்ல மாட்டேன். அது மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

டாக்டர் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார். மிச்ச ஊசிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்றார். "நாயையும் பத்து நாள் பாத்துக்கிட்டே இருங்க. செத்துட்டாலோ காணாமப் போனாலோ உடனே சொல்லுங்க." அதன் பிறகு மகள் தண்ணீர் குடிப்பதை ஒளிந்து நின்று பார்ப்பதே என் வேலையானது. சொம்பைப் பாதியில் வைத்தால், வெறிநோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டு மிரள்வார்கள் என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வரும். கணவர் தினமும் அழைத்து அவளைப் பேசச் சொல்லிக் குரலைக் கேட்டுக்கொள்வார்.

பள்ளி விட்டதும் டீச்சர் மதகுக்குப் போவார். பிறகு எனக்குப் போன் வரும். "இருக்கும்மா. சோறு வச்சேன், தின்னுச்சு." ஒரு மாலை போன் வரவில்லை. நானே அழைத்தேன். "காணோம்மா, குட்டிங்களும் இல்ல. தேடிக்கிட்டிருக்கேன்." மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். வாய்க்கால் கரையோடு இருவரும் புதர் புதராகத் தேடிக்கொண்டே நடந்தோம். அறுவடை இயந்திரச் சத்தத்துக்கு மிரண்டோ என்னவோ, அது குட்டிகளை ஒரு வைக்கோல் போருக்குள் கொண்டுபோயிருந்தது. எங்களைக் கண்டதும் பல்லைக் காட்டி உறுமியது. டீச்சர் என் கையைப் பற்றினார். "எப்படி முறைக்குது பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தவர், அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதார்.

மகள் இப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த நாவலை நானும் பிறகு வாசித்தேன். அந்தச் சாயங்காலம் என்ன நடந்தது என்று கடைசிவரை நாய் சொல்லவே இல்லை. தழும்பு எந்தக் காலில் என்று கேட்டால் மகள் குனிந்து பார்த்துத்தான் சொல்கிறாள். நான் பார்க்க வேண்டியதில்லை.