ஞானபாக்கியம் டீச்சரின் மூக்கு

ராஜபாளையத்தில் இந்தி டியூசன் எடுக்கும் ஞானபாக்கியம் டீச்சர் இந்தியில் ஆமாம் என்பதை மூக்கால் ‘ஹாங்’ என்றால் சஞ்சீவி மலையே தலையாட்டும். மூக்கொலிக்கு இந்தி எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் போதாது, சொல்லும்போது மூக்கைத் தொட்டால் அதிர வேண்டும் என்பார். காதை அவர் நம்புவதில்லை.

சைனஸுக்காக மூக்கில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய மூக்கு மரத்துப்போனது. தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. டியூசனை நிறுத்தப்போவதாக, தன்னிடம் படிக்கும் மில் சூப்பர்வைசர் மாரிச்செல்வியிடம் சொன்னார்.

“அப்போ வடக்கத்திப் பிள்ளைககிட்ட நான் எப்படி வேலை வாங்க? ஒங்க மூக்குதான டீச்சர் மரத்துச்சு, எம் மூக்குக்கு என்ன கேடு?”

டீச்சர் அவள் மூக்கில் விரலை வைத்தார்.

“சொல்லு.”

“ஹாங்.”

விரலில் லேசாக அதிர்ந்தது.

“பத்தாது. மறுபடி சொல்லு” என்றார்.