சுண்டுவிரல் பக்கம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், நான் வேலை பார்த்த இரும்பு ஆலைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. ஒருநாள் காலை ஷிஃப்டுக்கு முன்பு அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பாய், கைய எடுய்யா! பாய்லர் மேல வச்சிகினு நிக்கிறியே, சுடல?"

சுடவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் அதற்குக் கீழே உள்ளங்கை ஓரமும் கொதிக்கும் பாய்லரில் பட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கொப்புளம் எழுந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று பல மாதங்களாகவே இருந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அதனால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. புண் ஆறாமல் போனபிறகுதான் பொன்னேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன்.

"கண்ண மூடிக்குங்க. பஞ்சால தொடுவேன். தொட்ட எடத்த இடது கையால காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

தோளில் தொட்டதைக் காட்டினேன். கட்டைவிரலில் தொட்டதைக் காட்டினேன். பிறகு அடுத்த தொடுதலுக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"இன்னும் தொடலையா மேடம்?"

"முடிச்சிட்டேன்" என்றார்.

முழங்கையின் உள்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். நரம்பு கயிறுபோல் தடித்திருப்பதாகச் சொன்னார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: தொழுநோய் (தோலையும் நரம்பையும் பாதிக்கும் கிருமித் தொற்று). அது ஒழிந்துபோன நோய் என்று நினைத்திருந்தேன்.

"மாத்திரையில குணமாயிடும். மாத்திரை ஆரம்பிச்சிட்டா உங்ககிட்டருந்து யாருக்கும் பரவாது. பயப்படாதீங்க."

"மரத்துப்போனது திரும்பி வருமா?"

"எப்போலேருந்து மரத்திருக்குன்னு சொல்ல முடியுமா?"

என்னால் சொல்ல முடியவில்லை. "அப்ப என்னாலயும் சொல்ல முடியாது. பாக்கலாம்" என்றார்.

பொன்னேரி ரயில் நிலையத்தில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றேன். மிளகாய்த்தூள் சரியாக உறைத்தது. அழுகை வரவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது, நான் ஏறவில்லை. அப்போது மனதில் வந்தது ஒரு தட்டு மட்டுமே.

பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் ஒரு சஹன் உண்டு. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் பூச்சு. ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்திருக்கும். கடைக்குட்டி என்பதால் அந்தப் பக்கம் என்னுடையது. வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். கிழிக்கவேண்டிய இடத்தில் துணியில் நகத்தால் கோடு போடுவார். சஹனில் சோற்றின் மீதும் அப்படித்தான் கோடு போட்டு ஆளுக்கொரு பங்கு காட்டுவார். அக்கா தன் பங்கின் கறித்துண்டு ஒன்றை என்னைப் பார்க்காமலே கோட்டைத் தாண்டித் தள்ளிவிடுவாள். கடைசியாக உட்காரும் உம்மா விளிம்பை ஆள்காட்டி விரலால் சுற்றி வழித்துச் சாப்பிடுவார்கள்.

அந்தத் தட்டில் இனி என் கை.

அடுத்த வண்டியில் கும்மிடிப்பூண்டி வீட்டுக்குப் போய் என் மனைவி ஷமீமாவிடம் சொன்னேன். "புள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் மகள் ஆயிஷாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, முதுகையும் கைகளையும் பார்த்தாள். மறு வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவரையும் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை. அன்று முதல் ஷமீமா டீ தம்ளரை என் இடது கைப் பக்கம் வைக்கத் தொடங்கினாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நோன்புப் பெருநாளுக்குப் பழவேற்காடு போனோம். என் நோயைப் பற்றி ஷமீமா முன்கூட்டியே அவர்களிடம் போனில் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. சஹனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும், "எனக்குத் தனியா வைங்க உம்மா. வயிறு சரியில்ல" என்றேன்.

வாப்பா தொண்டையைச் செருமினார். கடையில் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வதற்கு முன்பும் அப்படித்தான் செருமுவார்.

"வயிறு சரியில்லன்னா கொறச்சித் துன்னு. வந்து குந்து."

கோடு போட்டார். அக்கா எனக்கு அடுத்த பங்கில் இருந்தாள். தன் பங்கின் தூர ஓரத்திலிருந்து கொஞ்சம் சோறு எடுத்தாள். இரண்டு வாய்தான். "புள்ள அழுவுது" என்று எழுந்தாள். எந்தக் குழந்தையும் அழவில்லை. நான் பாதியில் நிறுத்தியதும் வாப்பா கோட்டை அழித்து, என் பக்கத்துச் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார். அதைப் பார்த்து என் மனம் நெகிழ்ந்திருக்க வேண்டும்; நெகிழவில்லை. அக்கா எழுந்துபோன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். "எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருக்கறோம்டா. வெளிய இன்னான்னு சொல்லிடாத."

"சொல்லல" என்றேன். அந்தப் பெண்ணுக்குத் திருமணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அக்கா இன்றும் எனக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக வைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே அதில் டீ தருகிறாள். நானும் வாங்கிக் குடிக்கிறேன்.

ஓராண்டு கூட்டு மருந்து (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை) சாப்பிட்டேன். மாதத்தின் முதல் மாத்திரைகளை நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். தோல் கறுக்கும், மெல்லத் தெளியும். உணர்ச்சியில்லாத இடத்தைத் தினமும் கண்ணால் பாருங்கள். காயத்தை வலி வந்து சொல்லாது. இந்த மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பேருந்தில் போகிறவருக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்.

"நோய் போயிடுச்சு. வெரல் இப்படியேதான் இருக்கும்" என்று மருத்துவர் கடைசியில் சொன்னார். சுண்டுவிரல் மரத்தபடியே உள்நோக்கி வளைந்து நிற்கிறது.

ஆயிஷாவைப் பள்ளிக்கு நான்தான் கூட்டிப்போவேன். முழுக் கையைப் பிடிக்க மாட்டாள். அந்தச் சுண்டுவிரலைத்தான் பிடிப்பாள். ஒருமுறை இடது கையைக் கொடுத்துப் பார்த்தேன்.

"அது வாணாம் வாப்பா. இதுதான் வளைஞ்சிகினு புடிக்க நல்லா கீது."

ரயில்வே கேட் அருகே லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். சாலையில் கால் வைக்கும்முன் குனிந்து பார்ப்பேன். பிடித்திருக்கிறாள். சற்று நடந்து மறுபடியும் பார்ப்பேன். அந்தச் சாலையைக் கடக்க எனக்கு இப்போதெல்லாம் அதிக நேரம் ஆகிறது.