லேஸ் நூலுக்கு நான் காட்டிய முடிச்சு

எம். புதுப்பட்டிக்குப் போகிற ரோட்டோரம் தெரிகிற பெரிய தகரக் கொட்டகை நான் போட்டது. பக்கத்துக் கிணறு, வெறும் பாறை என்று ஊரே கைவிட்ட இடத்தில் நான் தோண்டித் தண்ணீர் பார்த்தது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற கம்பெனி, மரம் கடைகிற பட்டறை, மாடி வீடு, மகன்களின் படிப்பு, எல்லாம் நான் உண்டாக்கியவை. அப்பா அடுத்தவன் காட்டில் களை வெட்டியவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இடது கையால் எழுதுகிறேன் என்று வாத்தியார் அடித்தார். அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன். இப்போது சொல்லப்போவதும் நான் உண்டாக்கியதுதான். அதை மட்டும் ஒருவரும் என் பேரில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அதே இடது கையால்.

என் மருமகள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அங்கே வீட்டுக்கு வீடு லேஸ் பின்னுவார்கள். கெட்டியாக அடைத்த தலையணையில் டிசைன் அட்டையை வைத்து, குண்டூசி குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய நூலை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். குழாய்க்கு மிஷின் வந்த பிறகு கொட்டகையில் பாதி சும்மா கிடந்தது. வகுப்பு நடத்தக் கேட்டாள், கொடுத்தேன். விரல் பருமனில் அந்தக் கட்டைகளைக் கடைந்து கொடுத்ததும் நான்தான். அவள் அம்மா வீட்டுக் கட்டையைவிட என்னுடையது வழவழப்பு. கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள்.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் சரவெடி பின்னிப் பழகிய பெண்கள். அவர்களில் மூன்று பேர் இடது கைக்காரர்கள். அந்த மூவரில் ஒருத்தி எங்கள் தெரு. சரம் பின்னுவதில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது. ஆனால் வெடிமருந்துத் தூசி சேராமல் இளைப்பு வந்து, இனிமேல் வெடிக் கம்பெனிக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கும் நிரந்தர வேலை இல்லை. லேஸ் கைக்கு வந்தால் பிழைப்பு. வராவிட்டால் இளைப்போடு இளைப்பாக மறுபடி அந்தத் தூசிக்குள் போக வேண்டியதுதான்.

வகுப்பு தொடங்கிய அன்று மருமகள் விளக்கேற்றி, ஆளுக்கொரு கட்டை கொடுத்து நூல் சுற்றச் சொன்னாள். சுற்றி முடித்ததும் கட்டையின் கழுத்தில் ஒரு சுருக்கு முடிச்சு போட வேண்டும். அது பிடித்தால்தான் கட்டை தொங்கும், நூல் அவிழாது. அன்று எல்லாருடைய முடிச்சும் பிடித்தது. அதற்கப்புறம்தான் தொல்லை. அந்த மூன்று பேர் வீட்டில் சுற்றிக்கொண்டு வருகிற கட்டைகள் பின்னும்போதே சரசரவென்று அவிழ்ந்து விழுந்தன. லேஸ் தொளதொளவென்று ஆனது. மருமகள் தன் முன்னால் மறுபடி சுற்றச் சொன்னால் சரியாக நிற்கும். மறுநாள் வீட்டிலிருந்து வருவது அவிழும். நூலை மாற்றிப் பார்த்தாள். கடைசியில், கட்டையின் கழுத்து ரொம்ப வழுக்குகிறதோ மாமா என்று என்னையே கேட்டாள்.

என் கட்டையைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில் அவள் ஊர்ச் சர்ச்சிலிருந்து பீடத்துத் துணிக்கு ஓரம் பின்னித்தர ஆர்டர் வந்தது. கட்டையில் நூல் அவிழாமல் நிற்கிறவர்களை மட்டும் அதில் உட்கார வைப்பதாகவும், மற்றவர்கள் அடுத்த வகுப்பில் சேரலாம் என்றும் மருமகள் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் எங்கள் தெருக்காரி பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நான் சரம் பின்னவே போயிருதேன். சீசனு, ஆள் பத்தலைனு கூப்பிடுதாக."

"டாக்டர் சொன்னது என்னாச்சு?"

"டாக்டரா சோறு போடுவாரு?"

மறுநாள் காலையில் அவள் கட்டைகளை வாங்கிக் கழுத்து வழுக்குகிறதா என்று பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, வலது கையில் கட்டையைப் பிடித்து இடது கையால் விறுவிறுவென்று நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று கையை மாற்றினாள்.

"ஏத்தா, எதுக்கு மாத்துத?"

"தொழில் கத்துக்கிடுத எடத்துல, வெளக்கு முன்னாடி, பீச்சாங்கையால சுத்துனா வெளங்குமா அண்ணாச்சி? டீச்சரம்மா முன்னாடி சோத்தாங்கைதான். வீட்டுலன்னா வேகமா ஆகணும்லா."

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சின்ன வயதில் நான் குழாய் உருட்டும்போது என் குழாயில் மட்டும் காகிதம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் மற்றவர்கள் வழக்கம்போல் சணல் சுற்றினால் காகித ஓரம் கிளம்பிக்கொண்டு அவிழும். சணலையும் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன். இவளும் சுற்றுவது இடப்பக்கமாக, முடிச்சு மட்டும் மருமகள் காட்டிய வலது கை முடிச்சு. பிறகு எப்படி நிற்கும்?

"சுத்து திரும்புனா முடிச்சும் திரும்பணும்த்தா. மாத்திப் போடு."

போட்டாள். கட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தேன். அவிழவில்லை.

விசாரித்ததில் மற்ற இரண்டு பேரும் இதையேதான் செய்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. மருமகளிடம் காட்டினேன். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வகுப்பில் இனி அவரவர் கைப்படி சுற்றுங்கள் என்றாள். அப்படியும் மூவரும் வகுப்பில் தினமும் ஏற்றிவைக்கிற விளக்கைப் பார்த்துக்கொண்டு கையை மடக்கியே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நடுவில் உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்து இடது கையால் சுற்றினேன்.

"இருக்கன்குடிக் கோயில் உண்டியல்ல நான் காசு போட்டது இந்தக் கையாலதான். ஆத்தா வேண்டாம்னு திருப்பிக் குடுத்தாளா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சுற்றினார்கள்.

சர்ச் ஆர்டரில் எங்கள் தெருக்காரியும் உட்கார்ந்தாள். வெடிக் கம்பெனிப் பக்கம் அப்புறம் போகவில்லை. இப்போது புதிதாக வருகிற இடது கைக்காரர்களைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து முதல் முடிச்சு காட்டுவதே அவள்தான். எல்லாம் நல்லதுதான். ஆனால் விருதுநகர்க் கண்காட்சியில் யாரோ விசாரித்தபோது, இது டீச்சரம்மா சொல்லிக் கொடுத்த இடக்கை முடிச்சு என்றாள். தலையணைகளைச் சுமந்துகொண்டு நான் பின்னால்தான் நின்றேன். மருமகளும் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

வீட்டில் வந்து சொன்னால் என் வீட்டுக்காரி, "கட்டை கடைஞ்சீக, முடிச்சு காட்டுனீக. விட்டா பருத்தியும் நாந்தான் வெதைச்சேம்பீக" என்கிறாள்.

அவள் சொல்லிவிட்டுப் போகட்டும். வகுப்புக்குப் புது போர்டு எழுதப் போகிறார்களாம். அதில் மருமகள் பேர் மேலே இருக்கட்டும், தெருக்காரி பேரும் இருக்கட்டும். கீழே ஒரு வரி எனக்கு வேண்டும்: இடது கைக்காரர்களுக்கான முடிச்சைக் காட்டியவர் இந்த வீட்டு மாமனார். பஸ்ஸில் போகிறவருக்கும் தெரிகிற எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் அந்தக் கொட்டகையில் ஆணி அடிக்க விடமாட்டேன். கொட்டகை நான் போட்டது.