சிவப்பு இல்லத்தின் கடைசி ஓட்டக்காரி

பத்தாம் தரத்துக்கு நான் குடியியல் படிப்பிக்கிறேன். அரசியல் கடும்போக்குவாதம் என்ற பகுதி வந்தால் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். உதாரணம் கேட்டால் உலகம் முழுக்கச் சுற்றி வருவார்கள். ஆனால் எங்கள் ஊர் மருதனார்மடம் சந்திக்கு இந்தப் பக்கம் ஒரு கடும்போக்காளரும் அகப்படமாட்டார். "எங்கடை ஆக்கள் நல்லவை ரீச்சர்" என்று இந்த முறை ஒருத்தி சொல்ல, வகுப்பே கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மணி அடித்துவிட்டது, விட்டுவிட்டேன்.

அது, பிள்ளைகளை நிறவாரியாக இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். எங்களுடையது பெண்கள் பாடசாலை. பிள்ளைகள் அலங்காரத்துக்காக ஓலையும் மூங்கிலும் சுமந்து திரிந்தார்கள். சிவப்பு இல்லத்துக்கு நான் பொறுப்பாசிரியை. நடுநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. போட்டி முடியும்வரை நீலச் சேலையை நான் தொடுவதில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்க, பின்னேரம் அடித்த காற்றில் நீல இல்லத்தின் அலங்கார வாசல் குப்புற விழுந்தது. எங்கள் பக்கத்தில் விசில் பறந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் எங்கள் அஞ்சலோட்ட அணியின் கடைசி ஓட்டக்காரி மட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போனாள். வல்வெட்டித்துறையிலிருந்து வந்து சித்தி வீட்டில் நின்று படிக்கிற பிள்ளை. வீட்டில் எல்லாரும் கடல் தொழில், கயிறு கட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. நீல இல்லத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசலை நிமிர்த்திக் கட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அடுத்த நாள் காலை பத்தாம் தர வகுப்புக்குள் போனேன். அவளுடைய சிவப்பு ஓட்ட உடுப்பு மடித்தபடி என் மேசையில் கிடந்தது.

"நான் ஓடமாட்டன் ரீச்சர்" என்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் பிள்ளை?"

பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. "அவள் துரோகி ரீச்சர்!" சிவப்பு இல்லத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சொல்லிச் சிரித்தார்கள்.

என் வயதுக்காரருக்கு அது விளையாட்டுச் சொல் இல்லை. போர்க் காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி இந்த ஊரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனதும், போனவர்கள் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். இவர்கள் அதெல்லாம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"கடும்போக்கின்ரை அறிகுறியளைச் சொல்லுங்கோ பாப்பம்!"

பாடமாக்கி வைத்திருந்த ஒருத்தி எழும்பினாள். "தாங்கள் மட்டும்தான் சரி எண்டு நினைக்கிறது. மற்றப் பக்கத்தை எதிரியாப் பாக்கிறது. தங்கடை ஆள் மற்றப் பக்கத்துக்கு உதவி செய்தால் அந்த ஆளை..." அதோடு குரல் நின்றுவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அணித் தலைவிக்குக் கோபம் வந்துவிட்டது. அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடி, கடைசி ஓட்டக்காரியிடம் தடியைக் கொடுப்பவள் அவள்தான். "ரீச்சர், அது அரசியல். இது விளையாட்டு. நீங்களும் சிவப்பு இல்லம்தானே, பிறகேன் உவளுக்காகக் கதைக்கிறியள்?"

"சரி, இப்ப நானும் துரோகி!" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போது கடைசி ஓட்டக்காரி எழும்பினாள். "கூட்டமாச் சொல்ல வேண்டாம். ஒவ்வொருத்தரா வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

நான் கனவிலும் நினைக்காத பாடம் அது. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தவள் அவளைப் பார்த்தாள், பல்லைக் காட்டினாள், "ஓடுற சப்பாத்துக் கொண்டந்தனியோ?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள். அடுத்தவள் ஒரு ரொபி இனிப்பை அவள் கையில் திணித்தாள். தலைவி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனடி கட்டிக் குடுத்தனி?"

"விழுந்து கிடந்தது. கட்டினன்."

"எங்கடை விழுந்திருந்தால் அவையள் கட்டியிருப்பினமோ?"

"தெரியாது. எனக்குக் கட்டத் தெரியும், கட்டினன்."

தலைவி மேசையில் கிடந்த உடுப்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். "பின்னேரம் பயிற்சிக்கு வா."

போட்டி அன்று அஞ்சலோட்டம்தான் கடைசி. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. தலைவி பறந்து வந்து தடியைக் கொடுத்தாள், கடைசி ஓட்டக்காரி பாய்ந்தாள். நீல இல்லத்துப் பிள்ளையும் அவளும் சரிசமமாக வந்தார்கள். முடிவில் நாடாவை முதலில் தொட்டது நீலம். நான் பிள்ளையிடம் ஓடினேன்.

சிவப்புத் தொப்பியோடு நின்ற ஒரு தகப்பன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "உவள் வேணுமெண்டு நீலத்தை வெல்ல விட்டவள். அண்டைக்கே வாசல் கட்டிக் குடுத்தவளெல்லோ!"

புல்லில் குந்தியிருந்த பிள்ளை தலையைக் குனிந்தாள். சுற்றி நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் வாயைத் திறக்க முதல், மூச்சு வாங்கிக்கொண்டு தலைவி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இல்லை அங்கிள். தடி குடுக்கேக்கை நான்தான் பிந்தினனான். அவளிலை ஒரு பிழையும் இல்லை."

தடி மாறிய கோட்டடியில் நின்றவள் நான். அவள் கொஞ்சமும் பிந்தவில்லை. அது எனக்குத் தெரியும், புல்லில் இருந்தவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.